எரிந்து அணைய வேண்டிய விளக்கு

ஆனி மாதம் நாளையோடு முடிகிறது என்பதை அன்று காலை எப்சிபாவிடம் மூன்று பேர் சொல்லிவிட்டார்கள். மீஞ்சூரில் அட்டைப்பெட்டியைக் கையில் கொடுக்கும்போது ஒர்க்‌ஷாப் முதலாளி ஞானதாஸ் சொன்னார். பொன்னேரி தாண்டும்போது காரின் சொந்தக்காரன் ஜெகதீஸ்வரன் போனில் சொன்னான். கோட்டைக்குப்பத்தில் ஸ்கூட்டருக்கு ஸ்டாண்டு போடுவதற்குள் அவனுடைய அம்மா செல்வம்மாள் சொன்னாள்.

"நாளைக்கு உட்டா ஆடி பொறந்துடும் கண்ணு. ஆடியில மருமவள இட்டாற முடியாது. அப்பால ஆவணிதான். எம் பேரனுக்கு அதுக்குள்ள பல்லு மொளச்சிடும்."

"இன்னைக்கே முடிச்சிடலாம்மா" என்று எப்சிபா சொன்னாள். சொன்ன பிறகுதான், அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதோ என்று தோன்றியது.

வளைகாப்பு முடிந்து கும்மிடிப்பூண்டியில் தாய் வீட்டுக்குப் போன ஜெகதீஸ்வரனின் மனைவி திவ்யா, பிள்ளை பெற்று மூன்று மாதம் ஆகியும் இன்னும் அங்கேதான் இருக்கிறாள். போன மாதம் ஜெகதீஸ்வரன் காரை எடுத்துக்கொண்டு கூட்டிவரப் போனான். பையெல்லாம் டிக்கியில் ஏற்றியாகிவிட்டது. அப்போதுதான் மாமனார் ராஜேந்திரன் ஜன்னல் வழியாகத் தலையை விட்டு டேஷ்போர்டைப் பார்த்தார். சிவப்பாக ஒரு விளக்கு. உட்கார்ந்திருக்கும் ஆள், நெஞ்சுக்கு முன்னால் ஒரு உருண்டை. முப்பது வருஷம் லாரி ஓட்டியவர் அவர். "இது எரிஞ்சா, மோதுறப்ப காத்துப் பை விரியாது மாப்ள. அணையிற வரைக்கும் எம் பொண்ணும் பேரனும் இங்கியே இருக்கட்டும்" என்று சொல்லி, பைகளைத் தானே இறக்கி வைத்துவிட்டார். ஜெகதீஸ்வரன் வெறும் காரோடு திரும்பினான்.

ஞானதாஸ் சோதித்துப் பார்த்து, ஏர்பேக் மாட்யூல் செத்துவிட்டது என்றார். எந்தப் பையை எப்போது விரிக்க வேண்டும் என்று முடிவு செய்கிற சின்ன அலுமினியப் பெட்டி அது. புதியது வந்து சேர்ந்தது நேற்று. இன்றைக்குப் பார்த்து மீஞ்சூரில் பராமரிப்புக்காக ஒன்பது மணியிலிருந்து ஐந்து மணி வரை கரண்ட் கிடையாது. "நீயே போய் முடிச்சிட்டு வந்துடு" என்றார் அவர். எப்சிபா தனியாக ஒரு வேலைக்கு வருவது இதுதான் முதல் தடவை.

அவள் அனுப்பம்பட்டுக்காரி. பகலில் ஒர்க்‌ஷாப், சாயங்காலம் பொன்னேரியில் கார் எலக்ட்ரானிக்ஸ் வகுப்பு. நாலு மாதம் முன்பு வகுப்பில் ஒரு மாட்யூலுக்குள் தப்பான சேஸிஸ் நம்பரை எழுதிவிட்டாள். அதில் நம்பரை ஒரே ஒரு தடவைதான் எழுத முடியும். அந்த மாட்யூல் இப்போது வகுப்பில் பேப்பர் பறக்காமல் இருக்க மேசைமேல் வைக்கப்படுகிறது. அதைப் பார்க்கிற ஒவ்வொரு சாயங்காலமும் அவளுக்குக் காது சூடாகும். அதிலிருந்து எந்த வேலையையும் நோட்டில் வரிசையாக எழுதிக்கொண்டு, ஒவ்வொன்றாக டிக் அடித்துத்தான் செய்கிறாள். இன்றைக்குப் பத்தொன்பது வரி இருந்தது.

முதல் வரி: சிக்னல். மாட்யூலில் நம்பர் எழுத லேப்டாப்புக்கு நெட் வேண்டும். ஐஸ் கொட்டகைப் பக்கம்தான் நன்றாக வரும் என்று ஜெகதீஸ்வரன் காரை அங்கே கொண்டுவந்து நிறுத்தினான். மீன் ஏலக்காரர்கள் நின்று போன் பேசுகிற இடம் அது. ஒரு பக்கம் கடல் கலக்கும் ஏரி, தண்ணீர் வற்றிச் சேறு காய்ந்து கிடந்தது. கச்சான் காற்று மேற்கிலிருந்து சூடாக அடித்து, உலர்த்தியிருந்த வலைகளை விசிறிக்கொண்டிருந்தது.

இரண்டாவது வரி: பேட்டரி. எப்சிபா கறுப்பு ஒயரைக் கழற்றித் துணியில் சுற்றினாள்.

"இப்ப பத்து நிமிஷம் வெயிட் பண்ணணும்ணா."

"எதுக்கு சிஸ்டர்? அதான் கழட்டியாச்சே."

"உள்ள கொஞ்சம் கரண்ட் தேங்கி நிக்கும். அது வடியணும். இல்லன்னா கை வைக்கும்போது பை விரிஞ்சிடும்."

ஜெகதீஸ்வரன் காரை விட்டு இரண்டடி பின்னால் போனான். "பஜார்ல ஒருத்தன் கீறான், பல்ப கழட்டி உட்டுர்றேன், அரை மணி வேலைன்றான். நீ இன்னாடான்னா வெயிட் பண்றதுக்கே பத்து நிமிஷம் கேக்குற."

"பல்ப கழட்டுனா விளக்கு எரியவே எரியாதுண்ணா. நல்லா இருக்குற வண்டியில சாவி போட்டதும் ஆறு விநாடி எரிஞ்சு அப்புறம்தான் அணையும். உங்க மாமனாருக்கு அது தெரியாம இருக்குமா?"

அவன் யோசித்தான். "அந்தாளுக்குத் தெரியும். அந்தாளுக்கு எல்லாம் தெரியும்."

செல்வம்மாள் டீ கொண்டுவந்தாள். எப்சிபா ஒரு கண்ணைக் கைக்கடிகாரத்தில் வைத்துக்கொண்டு குடித்தாள். பத்து நிமிஷம் ஆன பிறகும் பயத்தில் இன்னும் மூன்று நிமிஷம் கொடுத்தாள்.

மாட்யூல் இரண்டு முன் சீட்டுக்கும் நடுவில், கியருக்கு அடியில், தரையோடு தரையாக இருக்கும். பிளாஸ்டிக் மூடியைக் கழற்றி டார்ச் அடித்தாள். பழைய பெட்டி முழுக்க வெள்ளையாகப் பூத்திருந்தது. விரலால் தொட்டாள், நறநறவென்று உதிர்ந்தது. கனெக்டரின் கம்பிகள் பச்சையாகிவிட்டிருந்தன. மூலையில் ஒரு நண்டுக் காலின் நுனி ஒட்டிக்கொண்டிருந்தது.

"பாத்தியா சிஸ்டர்?" ஜெகதீஸ்வரன் அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தான். "நான் அப்பவே சொன்னேன். வெள்ளத்துல முங்குன வண்டி. அந்தப் பேமானி சாம் என் தலையில கட்டிட்டான். கூடவே சுத்துன பையன், ஒரே தட்டுல துன்னவன். ஒரு மாசமா அவங்கூட பேச்சே இல்ல."

சாம் அவனுடைய சிநேகிதன். பழைய கார்களைக் கைமாற்றிவிடுகிறவன். இந்தக் காரையும் அவன்தான் பார்த்து வாங்கிக் கொடுத்தான்.

எப்சிபாவுக்கு ஏதோ உறுத்தியது. வெள்ளத்தில் நின்ற வண்டிகளை அவள் ஒர்க்‌ஷாப்பில் பார்த்திருக்கிறாள். அவற்றின் அடியில் செம்மண் படிந்திருக்கும், சேற்று நாற்றம் இருக்கும். இங்கே ஒரு பொட்டு மண் இல்லை. வெறும் உப்பு. ஆனால் தனக்கென்ன தெரியும், பார்த்ததே நாலைந்து வண்டிதான். ஒர்க்‌ஷாப் படிவத்தில் 'காரணம்' என்று இருந்த இடத்தைக் காலியாக விட்டாள்.

பழையதைக் கழற்றி, ஒயர் முனைகளைத் தேய்த்துச் சுத்தம் செய்துவிட்டுப் புது மாட்யூலை எடுக்கத் திரும்பினால் நாற்காலிமேல் வைத்திருந்த அட்டைப்பெட்டியைக் காணவில்லை.

அவள் நாற்காலிக்கு அடியில் குனிந்து பார்த்தாள். "அண்ணா, பெட்டி?"

"நைனா எடுத்தாரா? நைனா இன்னும் கடல்லேந்து வரலியே."

செல்வம்மாள் வீட்டிலிருந்து வந்துகொண்டிருந்தாள். பெட்டியை இரண்டு கையாலும் ஏந்தியிருந்தாள். "சாமிகிட்ட வெச்சி எடுத்தாந்தேன் கண்ணு. புதுசா இன்ஜின் வாங்குனாலும் வெச்சிதான் எடுப்போம்."

எப்சிபா பிடுங்காத குறையாக வாங்கித் திறந்தாள். மூடியின்மேல் குங்குமப் பொட்டு ஒன்று. கனெக்டர் துளைகளை வெளிச்சத்தில் காட்டி ஒவ்வொன்றாகப் பார்த்தாள். காய்ந்து சுத்தமாக இருந்தன.

"இன்னாமா, மஞ்சத்தண்ணி தெளிக்கலியா?" என்றான் ஜெகதீஸ்வரன். "போட் இன்ஜினுக்கு ஒரு சொம்பு ஊத்துவியே."

"வேணாம்" என்றாள் செல்வம்மாள். "இதுக்குத் தண்ணி ஆவாது." சொல்லிவிட்டு, உலையைப் பார்க்க வேண்டும் என்று போய்விட்டாள்.

எப்சிபா பெட்டியின் அம்புக்குறி காரின் முன்பக்கம் பார்க்கும்படி வைத்து, மூன்று போல்ட்டையும் முறுக்கினாள். இந்த அம்மாவுக்கு இதில் தண்ணீர் ஆகாது என்று யார் சொன்னது? தான் சொல்லவில்லை. சொன்னோமா என்று நோட்டைக்கூடப் புரட்டிப் பார்த்தாள்.

பதினோரு மணிக்கு ஜெகதீஸ்வரனின் அப்பா மாரியின் படகு வந்தது. நம்பரை எழுதும்போது பேட்டரி இறங்கிவிட்டால் மாட்யூல் கெட்டுவிடும். ஒர்க்‌ஷாப்பில் அதற்கு ஒரு பெரிய சார்ஜர் உண்டு, அதை ஸ்கூட்டரில் கொண்டுவர முடியாது. "அங்க போட் பேட்டரி இருக்கும், அத்த சேத்துக் கட்டிக்கோ" என்று ஞானதாஸ் சொல்லியிருந்தார். படகில் வழி காட்டும் கருவிக்கும் விளக்குக்கும் வைத்திருந்த பேட்டரியை மாரி தோளில் தூக்கிக்கொண்டு வந்தார். சட்டையெல்லாம் மீன் செதில்.

"இதான் டாக்டரம்மாவா?" என்றார். "ஜெகா, நோயாளிக்கு ரத்தம் கொண்டாந்துகீறேன், எங்க வெக்கிறது?"

"துணியால தொடச்சிட்டுக் குடுங்கப்பா" என்றாள் எப்சிபா. "ஈரமா இருக்கு."

"கடல்ல போறது ஈரமாதான்மா இருக்கும்." ஆனாலும் துடைத்தார். அவள் மறுபடி துடைத்தாள். இரண்டு பேட்டரியையும் இணைத்து அளந்து பார்த்தாள். பன்னிரண்டரை வோல்ட்டுக்குக் கொஞ்சம் மேல். நோட்டில் எழுதிக்கொண்டாள்.

பதினோராவது வரிதான் அவளுக்குப் பயம். சேஸிஸ் நம்பர், பதினேழு எழுத்து.

"அண்ணா, ஆர்சி கார்டுல இருக்குறத ஒவ்வொண்ணா படிங்க. நான் அடிக்கிறேன். அப்புறம் நான் படிக்கிறேன், நீங்க பாருங்க. அதுக்கப்புறம் வண்டியில அடிச்சிருக்கிற நம்பரோட ஒத்துப் பாக்கலாம்."

"மூணு வாட்டியா?" ஜெகதீஸ்வரன் தலையில் கை வைத்தான்.

"மூணு வாட்டிதான்டா" என்றார் மாரி. ஏரியில் யார் எந்த நாள் எந்த இடத்தில் வலை கட்டுவது என்று சீட்டுக் குலுக்கி முறை வைப்பார்கள். அதற்கு அங்கே பாடு என்று பெயர். "பாடு குலுக்குறப்ப சீட்டுல வந்த பேர மூணு வாட்டி கூவுறோமா இல்லியா? அப்பதானே நாளைக்கு எவனும் வந்து அது நானில்லைன்னு சொல்ல மாட்டான். நீ கூவுடா."

ஜெகதீஸ்வரன் கூவினான். நிஜமாகவே கூவினான். ஐஸ் உடைத்துக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். மூன்றாவது தடவை மாரி பானெட்டுக்குள் தலையை விட்டு, இரும்பில் அடித்திருந்த நம்பரை விரலால் தடவித் தடவிச் சொன்னார். பதினேழும் ஒத்தது.

"இப்ப யாரும் வண்டியத் தொடாதீங்க. கதவத் தெறக்காதீங்க."

அவள் பட்டனை அழுத்தினாள். லேப்டாப் திரையில் நீலக் கோடு நகர்ந்தது. பத்து சதவீதம். இருபத்தைந்து. நாற்பது. அறுபத்திரண்டில் நின்றது.

நின்றது நின்றபடி இருந்தது. காற்று வலைகளை அடித்துக்கொண்டிருந்தது. எப்சிபா போன் சிக்னலைப் பார்த்தாள், பேட்டரி அளவைப் பார்த்தாள், நோட்டைப் பார்த்தாள். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. அப்படியானால் தவறு தன் கையில்தான் இருக்க வேண்டும். மேசைமேல் பேப்பர் பறக்காமல் இருக்க இரண்டாவது மாட்யூல்.

"இன்னா சிஸ்டர், நின்னுடுச்சா? ஒரு வாட்டி சாவிய ஆஃப் பண்ணி…"

"தொடாதீங்க."

அவள் குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது. ஜெகதீஸ்வரன் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான். சோற்றுக்குக் கூப்பிட வந்த செல்வம்மாள் கூப்பிடாமல் நின்றாள். இரண்டு நிமிஷம் கழித்துக் கோடு அறுபத்து மூன்று ஆனது. பிறகு ஓடியது. நூறு.

எழுதியாகிவிட்டது. எப்சிபா மூச்சு விட்டாள். சாவியைத் திருப்பினாள். சிவப்பு விளக்கு எரிந்தது. எல்லோரும் ஜன்னலில் குனிந்தார்கள். ஆறு விநாடி. பத்து. இருபது.

விளக்கு எரிந்துகொண்டே இருந்தது.

எப்சிபா ஸ்கேனரைப் பார்த்தாள். முன்பு ஏழு கோளாறு காட்டியது, இப்போது ஒன்றே ஒன்று. முன் இடதுபக்க சீட் பெல்ட்டை இழுத்துப் பிடிக்கிற கருவியின் ஒயர். மறுபடி பேட்டரி கழற்றி, மறுபடி பத்து நிமிஷம். சீட்டுக்கு அடியில் இருந்த மஞ்சள் கனெக்டரைப் பிரித்துப் பார்த்தாள். சுத்தமாக இருந்தது. மாட்டிச் சோதித்தாள். விளக்கு எரிந்தது.

"இன்னாமா பாப்பா?" என்றார் மாரி மெதுவாக.

"ஒயர்ல எங்கியோ இருக்குப்பா. இது கம்பளத்துக்கு அடியில போய் எங்கெங்கயோ சேருது. எங்கன்னு பாக்க சீட்டெல்லாம் கழட்டிக் கம்பளத்தையே எடுக்கணும். அதுக்கு ஒரு நாள் ஆவும்." அவள் நோட்டை மூடினாள். "எனக்குத் தெரியலப்பா. ஞானதாஸ் சார் வந்திருந்தா தெரிஞ்சிருக்கும்."

"ஒரு நாளா?" என்றான் ஜெகதீஸ்வரன். "நாளைக்கு முடிஞ்சா ஆடி." அவன் ஐஸ் கொட்டகைச் சுவரில் சாய்ந்து குந்தினான். "எல்லாம் அந்த சாமால. முங்குன வண்டிய…"

"சாம திட்டாதடா" என்றாள் செல்வம்மாள்.

அவள் இடது முன் கதவருகில் வந்து நின்றாள். முந்தானையைக் கையில் சுருட்டிக்கொண்டிருந்தாள். எப்சிபாவைப் பார்த்துத்தான் பேசினாள். மகனைப் பார்க்கவில்லை.

"தண்ணி இங்க தேங்குச்சு கண்ணு. இந்தக் கதவோரம், சீட்டுக்குப் பின்னால, பள்ளமா கீது பாரு, இங்க. சொம்பால மொண்டு மொண்டு வெளிய ஊத்துனேன். அப்பவும் அடியில கொஞ்சம் நின்னுடுச்சு."

"எந்தத் தண்ணிம்மா?"

"ஏரித் தண்ணி. பன்னெண்டு கொடம்." அவள் கையைக் காரின் கூரைமேல் வைத்தாள். "இவன் அவசரத்துக்கு நண்டுக் கூடைய இந்த சீட்டுல வெச்சி பொன்னேரி போனான். கூட ஒழுவி ஒரே கலீஜு. பச்சப்புள்ள வந்து குந்தப்போவுது, இந்த நாத்தத்துல எப்படிக் குந்தும்? போட்டக் கழுவுறாப்பல நாலு கதவயும் தொறந்து ஊத்தித் தேச்சேன். லாரித் தண்ணி குடிக்கவே பத்தல, அதான் ஏரியில மொண்டேன். போட்டுன்னா தக்கைய எடுத்தா தண்ணி தானா ஓடிடும். இதுல எங்க தேடியும் ஓட்டையில்ல."

மாரி குனிந்து காரின் தரையைப் பார்த்தார்.

"கார்ல ஓட்ட தேடுனியா?" என்றார் மாரி.

"தேடுனேன்."

"ஏம்மா எங்கிட்ட சொல்லல?" ஜெகதீஸ்வரன் எழுந்திருந்தான்.

"அன்னிக்கு வந்து வண்டியப் பாத்துட்டு, இன்னாமா இப்டிப் பளபளன்னு வெச்சிகீறேன்னு குஷியானியே. அப்பால வெளக்கு எரிஞ்சுது. அதுக்கும் இதுக்கும் சம்பந்தமோ இன்னாவோன்னு இருந்தேன். இந்தப் பொண்ணு மூடியக் கழட்டி டார்ச் அடிக்கிறப்பதான் பாத்தேன். உப்பளத்தாட்டம் இருந்துச்சு. அப்பவே தெரிஞ்சிபோச்சு. வாய் வரல."

மாரி முதலில் சிரித்தார். சத்தமில்லாமல், தோள் மட்டும் குலுங்க. "பன்னெண்டு கொடம். நல்லவேள, பெயின்ட் அடிக்காம உட்டா."

எப்சிபா சிரிக்கவில்லை. அவள் ஏற்கனவே முழங்காலில் இருந்தாள். பேட்டரி கழற்றி மறுபடி பத்து நிமிஷம். அந்தப் பத்து நிமிஷத்தில் செல்வம்மாள் அவளுக்குச் சோறும் மடவை மீன் குழம்பும் கொண்டுவந்து கொடுத்தாள். எப்சிபா சாப்பிட்டுக் கை கழுவி, கையைத் துண்டில் துடைத்து, மறுபடி துடைத்தாள். செல்வம்மாள் விரல் வைத்துக் காட்டிய இடத்தில் கம்பளத்தின் ஓரத்தை மட்டும் தூக்கினாள். கீழே தகடு ஈரம் காய்ந்த தடத்தோடு வெள்ளையாக இருந்தது. அந்தத் தடத்தின் நடுவில் ஒயர்கள் சேரும் இடத்தில் இன்னொரு மஞ்சள் கனெக்டர். பிரித்தாள். இரண்டு கம்பியில் ஒன்று லேசாகப் பச்சை பிடித்திருந்தது. மருந்து அடித்து, சின்ன பிரஷ்ஷால் தேய்த்து, கம்பி மின்னும்வரை துடைத்து, கிளிக் என்று கேட்கும்படி அழுத்தினாள். கேட்டதா என்ற சந்தேகத்தில் இழுத்தும் பார்த்தாள்.

பேட்டரி இணைத்து, கதவைச் சாத்தி, சாவியைத் திருப்பினாள்.

சிவப்பு விளக்கு எரிந்தது. ஒன்று, இரண்டு என்று மாரி வாய்விட்டு எண்ணினார். ஆறில் அணைந்தது.

"அணைஞ்சிடுச்சு" என்றாள் செல்வம்மாள். நம்பாமல், "திரும்பப் போடு கண்ணு" என்றாள்.

ஐந்து தடவை போட்டாள். ஐந்து தடவையும் எரிந்து அணைந்தது. ஆறாவது தடவை ராஜேந்திரனுக்காக. ஜெகதீஸ்வரன் போனில் வீடியோ போட்டு டேஷ்போர்டுக்கு நேராகப் பிடித்தான். மறுமுனையில் கண்ணாடி போட்ட ஒரு முகம் திரை முழுக்க இருந்தது. அதற்குப் பின்னால் திவ்யாவின் குரல், "நைனா, கொஞ்சம் தள்ளு, எனக்குத் தெரியல" என்றது.

"சாவியப் போடு மாப்ள."

போட்டான்.

"எரியுது. ம். அணைஞ்சிடுச்சு." முகம் இன்னும் கிட்டே வந்தது. "இன்ஜின ஸ்டார்ட் பண்ணு."

பண்ணினான். விளக்கு வரவில்லை.

"யாரு பாத்தது?"

ஜெகதீஸ்வரன் போனை எப்சிபா பக்கம் திருப்பினான். அவள் கிரீஸ் கையோடு நின்றாள்.

"ஏம்மா, மாட்யூல் மாத்துனியா, சும்மா அழிச்சி உட்டியா?"

"மாத்தி, நம்பர் எழுதிருக்கேன் சார். பழசையும் அண்ணாகிட்ட குடுத்துருக்கேன், நாளைக்குக் கொண்டாருவாரு. பாருங்க."

ராஜேந்திரன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு அவர் சொன்னார், "நாளைக்கு மத்தியானம் பன்னெண்டுக்கு ராகுகாலம். அதுக்குள்ள வந்து இட்டுனு போயிடுங்க." முகம் விலகியது. திவ்யா பிள்ளையைத் தூக்கிக் காட்டினாள். பிள்ளை எதையும் பார்க்காமல் கொட்டாவி விட்டது. செல்வம்மாள் போனைப் பிடுங்கிக்கொண்டு ஏரிப் பக்கமாகப் போனாள்.

அவள் திரும்பி வந்து போனைக் கொடுத்ததும் ஜெகதீஸ்வரன் கொட்டகைச் சுவரோரம் போய் நின்றான். யாரையோ கூப்பிட்டான். எடுக்கவில்லை போலிருக்கிறது. மறுபடி கூப்பிட்டான். "மச்சான், கட் பண்ணாத. சாம், நான்தான். திட்டு, நல்லா திட்டு. அப்பால ஒரு விஷயம் சொல்றேன், சிரிப்ப. நாளைக்குக் காலையில கும்மிடிப்பூண்டி போறோம், வர்றியா?"

எப்சிபா பொருள்களை எடுத்து வைத்து, நோட்டைத் திறந்தாள். பத்தொன்பது வரியிலும் டிக் இருந்தது. இருபதாவதாக ஒன்று சேர்த்தாள்: 'தண்ணீர் எங்கே தேங்கியது என்று வீட்டாரிடம் கேட்கவும்.' பிறகு ஒர்க்‌ஷாப் படிவத்தில் காரணம் என்ற இடத்தில் 'உப்புத் தண்ணீர்' என்று எழுதினாள்.

செல்வம்மாள் அவள் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள். "எம் பேர எழுதுனியா?"

"இல்லம்மா. அதுக்கு இதுல எடமில்ல."

"எழுதுனாலும் பரவால்ல" என்றாள் செல்வம்மாள். வீட்டுக்குப் போய் ஒரு பிளாஸ்டிக் பையோடு வந்தாள். உள்ளே காலையில் மாரி கொண்டுவந்த மீனில் நல்லதாகப் பார்த்து நாலு. எப்சிபா வேண்டாம் என்று இரண்டு தடவை சொன்னாள். பிறகு வாங்கி, ஸ்கூட்டரில் காலுக்கு இடையில், லேப்டாப் பைக்குப் பக்கத்தில் வைக்கப் போனாள்.

செல்வம்மாள் குனிந்து பையை எடுத்தாள். அடிப்பக்கத்தைக் கையால் தடவிப் பார்த்து, கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். பிறகு பையைக் கொண்டுபோய் ஸ்கூட்டரின் பின்பக்கக் கம்பியில் இரண்டு முடிச்சுப் போட்டுக் கட்டினாள்.

"அங்க வெக்காத கண்ணு. தண்ணி சொட்டும்."